ரோமானியர் நகரங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்த விதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோமானிய நீர்வழி என்றதும் பலருக்கும் மனதில் வருவது உயரமான கல் வளைவுகளின் படம். கீழே உள்ள கேள்விகளில் பாதி அந்தப் படத்தைப் பார்த்து எழுந்தவை. பதில்களில் வளைவுகள் குறைவாகவும் வாட்டம், காரை, கணக்கு, திருட்டு ஆகியவை அதிகமாகவும் வரும். என் பார்வையில் ரோமானியரின் கெட்டிக்காரத்தனம் அங்கேதான் இருக்கிறது.

மோட்டார் இல்லாத காலத்தில் 50, 60 கிலோமீட்டர் தள்ளியிருந்த தண்ணீர் எப்படி ஊருக்கு வந்தது?

தானாக ஓடிவந்தது. ஊற்று ஊரைவிட உயரத்தில் இருக்க வேண்டும், வழி நெடுகக் கால்வாய் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வர வேண்டும். இந்த இரண்டும் அமைந்துவிட்டால் மீதியைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும்.

சொல்வதற்கு எளிது, செய்வதற்கு அல்ல. பிரான்ஸின் தெற்கே இருக்கும் நீம் நகரத்துக் கால்வாயைப் பாருங்கள். யூஸெஸ் என்ற ஊருக்குப் பக்கத்திலுள்ள ஊற்றிலிருந்து நீமுக்கு நேர்கோட்டில் சுமார் 20 கிலோமீட்டர். நடுவில் குன்றுகள் மறித்ததால் வளைத்து வளைத்து 50 கிலோமீட்டர் கொண்டுபோனார்கள். அத்தனை தூரத்துக்கும் சேர்த்து மொத்த இறக்கம் 12.6 மீட்டர்தான். கிலோமீட்டருக்கு 25 சென்டிமீட்டர், ஒரு சாணுக்குச் சற்று மேல். நம் வீட்டுக் குளியலறைத் தரைக்குக் கொத்தனார் கொடுக்கும் வாட்டம் இதைவிடப் பல மடங்கு அதிகம். அப்படியும் சில வீடுகளில் தண்ணீர் மூலையில் தேங்கி நிற்கும்.

வாட்டம் குறைந்தால் வண்டல் தங்கும். கூடிப்போனால் வேகமாகப் பாயும் நீர் உள்பூச்சை அரித்துவிடும். இரண்டுக்கும் நடுவே போக வேண்டும், அதுவும் மைல் கணக்கில்.

நீர்வழி என்றால் அந்த வளைவுப் பாலங்கள்தானே?

இல்லை. நீர்வழியின் பெரும்பகுதி மண்ணுக்கு அடியில் இருந்தது. ரோம் நகரின் முதல் நீர்வழியான ஆக்வா ஆப்பியா, கி.மு. 312இல் ஆப்பியஸ் கிளாடியஸ் என்ற அதிகாரி கட்டியது. நீளம் 16 கிலோமீட்டருக்கு மேல். அதில் தரைக்கு மேலே தெரிந்தது ஏறக்குறைய 90 மீட்டர் மட்டுமே. பிற்பாடு வந்தவற்றையும் சேர்த்து ரோமுக்கு மொத்தம் 11 நீர்வழிகள், ஏறக்குறைய 500 கிலோமீட்டர். அவற்றிலும் பெரும்பங்கு பூமிக்குள்தான்.

பூமிக்குள் கட்டினால் செலவு குறைவு. வெயில் படாது, குப்பை விழாது, எதிரி கண்ணிலும் படாது. நகரத்தை நெருங்கும்போது நிலம் தாழ்ந்துவிடும். ஆனால் தண்ணீர் நகரத்தின் மேட்டுப் பகுதிகளுக்கும் போக வேண்டும். கஷ்டப்பட்டுக் காப்பாற்றி வந்த உயரத்தைக் கடைசி சில கிலோமீட்டரில் விட்டுவிடாமல் இருக்கத்தான் வளைவுகள்.

ரோமின் நடுவிலேயே டைபர் ஆறு ஓடுகிறதே, பிறகு எதற்கு இத்தனை பாடு?

முதல் நானூறு ஆண்டுகளுக்கு மேல் ரோமானியர் டைபரையும் கிணறுகளையும் உள்ளூர் ஊற்றுகளையும் வைத்துத்தான் காலம் தள்ளினார்கள். ஆனால் ஆறு பள்ளத்தில் ஓடுகிறது, குன்றுகளில் இருந்த வீடுகளுக்கு அதைத் தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும். நகரத்தின் சாக்கடையும் அதே ஆற்றில்தான் கலந்தது. மக்கள் பெருகப் பெருக, பொதுக் குளியல் மண்டபங்கள் வரவர, ஆறு போதவில்லை.

எல்லா நீர்வழியிலும் ஒரே மாதிரி நல்ல தண்ணீர் வந்ததா?

கிடையாது, ஊர்க்காரர்களுக்கும் அது தெரிந்திருந்தது. கி.மு. 144 முதல் 140 வரை கட்டப்பட்ட மார்சியா நீர்வழி 91 கிலோமீட்டர் நீளம். அதன் தண்ணீர் குளிர்ச்சிக்கும் தெளிவுக்கும் பேர்போனது. டெபுலா நீர்வழியில் வந்தது வெதுவெதுப்பான நீர். அகஸ்டஸ் பேரரசர் கட்டிய அல்சியெட்டினா நீர்வழியின் தண்ணீர் ஓர் ஏரியிலிருந்து வந்தது, குடிக்கவே லாயக்கில்லை. வேடிக்கைக்காகக் கடற்போர் நடத்திக்காட்டும் குளத்தை நிரப்பத்தான் அது பெரிதும் பயன்பட்டது.

ஆனியோ ஆற்றிலிருந்து எடுத்த நீர் மழை பெய்தாலே கலங்கலாகிவிடும். வழியில் வண்டல் தொட்டிகள் கட்டி, அங்கே நீரின் வேகத்தைக் குறைத்து மண்ணைக் கீழே படியவிட்டார்கள். அதுவும் முழுப் பலன் தரவில்லை. கடைசியில் டிராஜன் பேரரசர் காலத்தில், எடுக்கும் இடத்தையே மாற்றி, மலைமேல் இருந்த சுபியாகோ ஏரிகளிலிருந்து எடுத்தார்கள். ஏரியிலேயே மண் படிந்துவிடும், மேலே தெளிந்த நீர் வரும்.

இத்தனை நுணுக்கமான வாட்டத்தை எந்தக் கருவியால் பார்த்தார்கள்?

கி.மு. முதல் நூற்றாண்டின் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் சொல்லும் கருவி கொரோபேட்டீஸ். 20 அடி நீளப் பலகை, இரு முனையிலும் கால்கள். கால்களையும் பலகையையும் இணைக்கும் சட்டங்களில் செங்குத்தாகக் கோடு கீறியிருக்கும். மேலிருந்து தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிடுவார்கள். நூல் கோட்டோடு பொருந்தினால் பலகை மட்டமாக இருக்கிறது என்று அர்த்தம். காற்றடித்து நூல் ஆடினால்? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். பலகையின் மேலே ஐந்தடி நீளத்துக்கு ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். அதில் தண்ணீர் ஊற்றி, இருபுறமும் விளிம்பை ஒரே சீராகத் தொடுகிறதா என்று பார்ப்பார்கள். நேர்கோடு போட க்ரோமா என்ற நான்கு குண்டுகள் தொங்கும் சிலுவைச் சட்டம் இருந்தது.

கருவி எளிமையானதுதான். அதை இடம் மாற்றி இடம் மாற்றி ஆயிரக்கணக்கான முறை பிழையில்லாமல் வைத்து, ஒவ்வொன்றையும் எழுதி வைத்ததுதான் அசாத்தியம்.

குறுக்கே மலை வந்தால்?

சுற்றிப்போவார்கள், முடியாவிட்டால் குடைவார்கள். குடைந்த கதைகளில் ஒன்று ஒரு கல்வெட்டில் அப்படியே கிடைத்திருக்கிறது. பொறியாளர் ஒருவர் தன் வேலைத்தளத் தொல்லைகளைத் தானே சொல்வதை 1,900 ஆண்டுகளுக்குப் பிறகு படிக்கிறோம்.

இன்றைய அல்ஜீரியாவில் பெஜாயா என்ற துறைமுகம். அன்று அதன் பெயர் சால்டே. அந்த ஊருக்குத் தண்ணீர் கொண்டுவர மலையைக் குடைய வேண்டியிருந்தது, சுமார் 430 மீட்டர். மூன்றாம் அகஸ்டா படைப்பிரிவில் மட்டம் பார்ப்பவராக இருந்த நோனியஸ் டேட்டஸ் அளந்து, மலை உச்சி வழியாகக் கோடு போட்டு, முளையடித்து, வரைபடத்தையும் ஆளுகை அதிகாரியிடம் கொடுத்துவிட்டுத் தன் முகாமுக்குப் போய்விட்டார். இரண்டு குழுக்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் குடைந்துவந்தன. நடுவில் சந்திக்க வேண்டியவர்கள் சந்திக்கவே இல்லை. ஆண்டுகள் கழித்து, ஓய்வுபெற்றுவிட்ட நோனியஸைத் தயவுசெய்து அனுப்பிவையுங்கள் என்று சால்டேயிலிருந்து அவருடைய பழைய படைப்பிரிவுக்குக் கடிதம் போகிறது.

கிளம்பி வருகிறார். வழியில் கொள்ளைக்காரர்கள் மறித்துக்கொள்கிறார்கள். உடுத்தியிருந்ததையும் பறிகொடுத்து, அடிபட்ட உடம்போடு தப்பித்து சால்டேவுக்கு வந்து சேர்கிறார். மலைக்குக் கூட்டிப்போனால், அங்கே எல்லோரும் சுரங்கத்தைக் கைவிட வேண்டியதுதான் என்று அழுதுகொண்டிருக்கிறார்கள். இரு பக்கமும் குடைந்த நீளத்தைக் கூட்டினால் மலையின் அகலத்தைவிட அதிகம்! நோனியஸ் அளந்து பார்க்கிறார். மேல்பக்கத்துக் குழு தன் வலதுபுறமாக விலகியிருக்கிறது. கீழ்ப்பக்கத்துக் குழுவும் தன் வலதுபுறமாகவே விலகியிருக்கிறது. எதிரெதிரே வருபவர்களுக்கு வலது என்பது எதிரெதிர்த் திசை. போட்ட கோட்டை விட்டு விலகி, ஒருவரை ஒருவர் தாண்டிப் போய்விட்டார்கள்.

அதன்பின் அவர் ஆட்களை நிர்வகித்த விதமும் கவனிக்கத்தக்கது. ஒரு பக்கம் கடற்படை வீரர்கள், மறுபக்கம் துணைப்படையினர் என்று பிரித்து, யார் எவ்வளவு என்று அளவு கொடுத்து, போட்டிக்கு விட்டார். இரு தரப்பும் மலைக்குள் சந்தித்தன, தண்ணீர் வந்தது. நோனியஸ் நிறுவிய கல்லில் மூன்று பெண் உருவங்களும் மூன்று பெயர்களும் இருக்கின்றன: பொறுமை, திறல், நம்பிக்கை. பொறுமைக்குத்தான் முதல் இடம். இந்தக் கதையைப் படித்த எவருக்கும் அது நியாயமாகவே படும்.

பள்ளத்தாக்கு வந்தால்?

ஆழம் அதிகமில்லை என்றால் பாலம். நீம் நீர்வழி கார்டோன் ஆற்றைத் தாண்டும் போன் து கார் பாலம் மூன்று அடுக்கு, உயரம் ஏறத்தாழ 49 மீட்டர். கீழ் அடுக்குகளின் கற்களுக்கு இடையே சுண்ணாம்புச் சாந்து கிடையாது, கல்லின் எடையும் வெட்டின் துல்லியமும்தான் பிடித்து நிறுத்துகின்றன. கிட்டே போய்ப் பார்த்தால் தூண்களின் முகத்தில் ஆங்காங்கே கற்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சாரம் கட்டத் தாங்கலாக விடப்பட்டவை. வேலை முடிந்தபிறகு அவற்றைச் செதுக்கி எடுக்க யாரும் மெனக்கெடவில்லை.

அதைவிட ஆழமான பள்ளத்துக்குத் தலைகீழ் சைபன். பள்ளத்தின் இந்தக் கரையில் ஒரு தொட்டி, அந்தக் கரையில் அதைவிடச் சற்றுத் தாழ்வாக இன்னொரு தொட்டி, நடுவே மூடிய ஈயக்குழாய்கள். தண்ணீர் இறங்கி, தன் அழுத்தத்தாலேயே மறுபக்கம் ஏறும். கொத்தனார்கள் டியூபில் தண்ணீர் விட்டு மட்டம் பார்ப்பதும் இதே தத்துவம்தான். பிரான்ஸின் லியோன் நகருக்கு வந்த ஜியே நீர்வழியின் போனான் சைபன் 123 மீட்டர் ஆழத்துக்கு இறங்கி ஏறியது. அடியில் குழாய்ச் சுவரின் மேல் காற்றழுத்தத்தைப் போல் சுமார் 12 மடங்கு அழுத்தம். ஒரே பெரிய குழாய் வெடித்துவிடும் என்பதால் பல குழாய்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். ஈயச் செலவு மலைக்க வைக்கும். எங்கும் இதைச் செய்யாததற்கு அதுவே முதல் காரணம்.

கால்வாய் ஒழுகாமல் எப்படிப் பூசினார்கள்?

உடைத்த செங்கல்லையும் ஓட்டையும் பொடித்துச் சுண்ணாம்போடு கலந்து பூசினார்கள். நமக்குத் தெரிந்த சுர்க்கிக் காரையேதான். 1895இல் முடிந்த முல்லைப்பெரியாறு அணையும் சுண்ணாம்பு–சுர்க்கிக் கலவையால் எழுந்தது என்பது பலருக்கும் நினைவிருக்கும். சுட்ட களிமண் பொடி சுண்ணாம்போடு சேர்ந்து தண்ணீருக்குள்ளேயே இறுகும். வெறும் சுண்ணாம்புக்கு அந்தக் குணம் இல்லை. நேப்பிள்ஸ் வளைகுடாப் பகுதியில் இதே வேலைக்கு எரிமலைச் சாம்பல் தாராளமாகக் கிடைத்தது. தரையும் சுவரும் சேரும் மூலையில்தான் விரிசல் முதலில் விடும். அங்கே கூர்மையான மூலை இல்லாதபடி காரையை உருட்டித் திரட்டிப் பூசியிருப்பதை இன்றும் பல கால்வாய்களில் காணலாம்.

ஊருக்குள் வந்த தண்ணீரை எப்படிப் பங்கிட்டார்கள்?

ஊரின் உயரமான இடத்தில் ஒரு பங்கீட்டுத் தொட்டி. நீமில் அது இன்றும் இருக்கிறது. ஐந்தரை மீட்டர் விட்டத்தில் வட்டத் தொட்டி, சுவரில் வரிசையாகப் பத்துத் துளைகள், ஒவ்வொன்றிலும் ஓர் ஈயக்குழாய் ஒரு வட்டாரத்துக்குப் போனது. பொதுக் குழாய்கள், குளியல் மண்டபங்கள், தனியார் வீடுகள் என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்கிறார் விட்ருவியஸ். மற்ற இரண்டில் மிஞ்சுவது பொதுக் குழாய்ப் பங்குக்கு வழிந்து வர வேண்டும் என்பது அவர் யோசனை.

நேரில் பார்க்க வேண்டுமென்றால், எரிமலை வெடிப்பில் புதைந்துபோன இத்தாலிய நகரமான பொம்பெய்தான் சரி. வெசுவியஸ் வாசலருகே பங்கீட்டுக் கட்டடம், அங்கிருந்து மூன்று பெரிய குழாய்கள். ஊர் சரிவில் இருப்பதால் கீழ்த்தெருவுக்கு வரும்போது அழுத்தம் எகிறிவிடும். அதைத் தணிக்க, தெருமுனைகளில் சுமார் ஆறு மீட்டர் உயரத் தூண்கள் கட்டி உச்சியில் ஈயத்தொட்டி வைத்தார்கள். தண்ணீர் தூணில் ஏறி, தொட்டியில் விழுந்து, மறுபடி இறங்கிப்போகும். அவ்வளவுதான், அழுத்தம் ஆறு மீட்டருக்கு உரியதாகக் குறைந்துவிடும்.

தெருவில் நாற்பதுக்கும் மேற்பட்ட பொதுத் தொட்டிகள். நான்கு எரிமலைக்கல் பலகைகளை நிறுத்தி இரும்புப் பட்டையால் பிணைத்தது, ஒரு பக்கம் நிமிர்ந்த கல், அதில் செதுக்கிய முகம், வாயில் குழாய். குனிந்து குடிக்கவும் குடம் பிடிக்கவும் வந்தவர்கள் கையூன்றிய இடம் விளிம்பில் வழவழவென்று தேய்ந்து குழிந்திருக்கிறது. நிரம்பிய நீர் தெருவில் வழிந்து, குப்பையை அடித்துக்கொண்டு ஓடியது. தெருவைக் கடக்க உயரமான தாண்டுகற்கள் போட்டிருப்பதன் காரணங்களில் அதுவும் ஒன்று.

வீட்டுக்கு வீடு இணைப்பு இருந்ததா?

செல்வாக்கு இருந்தவர்களுக்கு. ரோமில் தனியார் இணைப்பு என்பது பேரரசரின் அனுமதி. அது ஆளுக்குக் கிடைத்ததே தவிர வீட்டுக்கு அல்ல. வீடு கைமாறினாலும் வாரிசுக்குப் போனாலும் அனுமதி தானாகப் போகாது, புதிதாக மனுச் செய்ய வேண்டும். அடுக்குமாடிகளின் மேல்தளத்து ஏழைகள் கீழே இறங்கித் தெருத்தொட்டியில்தான் பிடித்துக்கொண்டு போனார்கள்.

மீட்டர் இல்லாமல் எப்படி அளந்தார்கள்?

குழாயின் வாயை வைத்து. அடிப்படை அளவின் பெயர் குவினாரியா, சுமார் 2.3 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய். இணைப்பு கொடுக்கும் இடத்தில் முத்திரை குத்திய வெண்கலக் குழல் ஒன்றைப் பதிப்பார்கள், நீளம் 22 சென்டிமீட்டர் போல. ஈயத்தைத் தட்டி விரித்துவிடலாம், வெண்கலத்தில் அது நடக்காது.

இந்த முறையில் ஓர் ஓட்டை உண்டு. ஒரே அகலக் குழாயில் வேகமாக வந்தால் அதிகத் தண்ணீர், மெதுவாக வந்தால் குறைவு. பரப்பை மட்டும் அளந்தால் அது கணக்கில் வராது. வேகம் முக்கியம் என்பதை ரோமானியர் கவனித்திருந்தார்கள். ஆனால் அதை எண்ணாக்கும் வழி அவர்களிடம் இல்லை.

தண்ணீர்த் திருட்டு இருந்ததா?

இருந்ததாவது! கி.பி. 97இல் நெர்வா பேரரசர், ஃப்ரான்டினஸ் என்ற மூத்த பிரமுகரை ரோமின் நீர்வழிகளுக்குத் தலைமை அதிகாரியாக நியமித்தார். பிரிட்டனில் ஆளுநராக இருந்து திரும்பியவர். தனக்குக் கீழே வேலை செய்பவர்கள் சொல்வதைக் கேட்டு வேலை நடத்துவது கௌரவக் குறைவு என்று நினைத்து, ஒவ்வொரு நீர்வழியாக நேரில் போய்ப் பார்த்து எல்லாவற்றையும் எழுதி வைத்தார். நமக்கு இன்று தெரிந்ததில் பெரும்பகுதி அவர் தயவு.

முதலில் பதிவேட்டைப் புரட்டினார். வரவு 12,755 குவினாரியா, பட்டுவாடா 14,018. வந்ததைவிடக் கொடுத்தது அதிகம்! சந்தேகம் தட்டி, நீர் எடுக்கும் இடங்களுக்கே போய் அளந்தார். உண்மையில் வந்தது பதிவேட்டு வரவைவிடப் பத்தாயிரத்துக்கும் மேல் கூடுதல். நடுவில் அத்தனையும் காணாமல் போய்க்கொண்டிருந்தது.

எப்படி என்று அவர் விவரிக்கும் பகுதியைப் படித்தால், எந்த ஊர்க் குடிநீர் வாரியத்திலும் வேலை பார்த்தவர் சிரித்துவிடுவார். நீர்வழி ஊழியர்கள் நான்கு குழாய் அளவுகளைத் தங்கள் இஷ்டத்துக்கு மாற்றி வைத்திருந்தார்கள். கொடுக்கும் சிறிய குழாயைக் குறைத்து, வாங்கும் பெரிய குழாய்களைக் கூட்டி. முத்திரை இல்லாத குழல்கள் இருந்தன. முத்திரைக் குழல் சரியான அளவில் இருக்க, அதை ஒட்டிய ஈயக்குழாய் மட்டும் அகலமாக இருந்தது. அனுமதி புதியவருக்கு மாறும்போது தொட்டியில் புதுத் துளை போட்டுவிட்டு, பழைய துளையை அடைக்காமல் விட்டு அதில் வரும் தண்ணீரைத் தனியாக விற்றார்கள். நடைபாதைக்கு அடியில் ரகசியக் குழாய்கள் ஓடின, அவற்றுக்குத் துளை போட்டுக் கொடுப்பதற்கென்றே ஓர் ஆள் இருந்தான். அந்தத் திருட்டுக் குழாய்களைத் தோண்டி எடுத்தபோது கிடைத்த ஈயமே கணிசம் என்கிறார் ஃப்ரான்டினஸ். நாட்டுப்புறத்தில் பண்ணைக்காரர்கள் கால்வாயை உடைத்துத் தோட்டத்துக்கு விட்டுக்கொண்டார்கள்.

சட்டம் கடுமையாகத்தான் இருந்தது. நீர்வழியை வேண்டுமென்றே உடைத்தால் 1,00,000 செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) அபராதம், பொதுத் தண்ணீரை அசுத்தம் செய்தால் 10,000. ஃப்ரான்டினஸ் நம்பியது வேறு வழியை. நாளைக்கு யார் எங்கே என்ன வேலை என்று முதல் நாளே எழுதிக் கொடுத்தார், அன்றன்று நடந்ததையும் பதியச் சொன்னார். அதுவரை இந்த ஆட்களைப் பெரிய மனிதர்கள் தங்கள் சொந்த வேலைக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

பராமரித்தது யார்?

அரசுக்குச் சொந்தமான 700 அடிமைகள். அகஸ்டஸின் தளபதி அக்ரிப்பா வைத்திருந்த 240 பேர், கிளாடியஸ் பேரரசர் சேர்த்த 460 பேர். மேற்பார்வையாளர், தொட்டிக் காவலர், கால்வாய் நெடுக நடந்து பார்ப்பவர், தெருக்கல் பெயர்த்துப் பதிப்பவர், பூச்சு வேலைக்காரர் என்று பிரிவுகள். பெரிய வேலைகளுக்கு ஒப்பந்தக்காரர்களும் உண்டு. கால்வாய் தரைக்கு மேலே போகும் இடங்களில் இருபுறமும் 15 அடிக்கு, பூமிக்குள் போகும் இடங்களில் 5 அடிக்கு மரமோ கட்டடமோ கூடாது. வேர் உள்ளே புகுந்தால் கதை முடிந்தது.

பெரிய எதிரி தண்ணீரிலேயே இருந்தது: சுண்ணாம்பு. கடின நீர் ஓடிய இடமெல்லாம் படிந்து கல்லாக இறுகி, அகலத்தைக் குறைத்துக்கொண்டே போனது. ஆள் இறங்கும் குழிகள் வழியே உள்ளே போய் உளியால் பெயர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நீம் கால்வாயில் பிற்காலத்தில் கவனிப்பு நின்றதும் படிவு பாதி வழியை அடைத்துவிட்டது. ஜெர்மனியின் கொலோன் நகருக்கு வந்த 95 கிலோமீட்டர் ஐஃபெல் நீர்வழியில் இந்தப் படிவு அவ்வளவு கெட்டியாகவும் அழகாகவும் இருந்ததால், இடைக்காலத்தில் அதையே வெட்டி எடுத்து மெருகேற்றித் தேவாலயத் தூண்களாக நிறுத்தினார்கள்.

எல்லாமே கச்சிதமாகக் கட்டப்பட்டவைதானா?

இடிந்தவற்றை யாரும் படம் பிடித்துப் போடுவதில்லை, அதனால் அப்படித் தோன்றுகிறது. கிளாடியா நீர்வழி கி.பி. 38இல் தொடங்கி 52இல் திறக்கப்பட்டது. அதோடு சேர்ந்து கட்டிய புதிய ஆனியோ நீர்வழிக்கும் சேர்த்து 35 கோடி செஸ்டர்ஸ் செலவு. பத்தே ஆண்டில் படுத்துவிட்டது. ஒன்பது ஆண்டு தண்ணீர் வரவில்லை. கி.பி. 71இல் வெஸ்பேசியன் சரிசெய்தார், பத்தாண்டில் அவர் மகன் டைட்டஸ் மறுபடி பழுதுபார்த்தார். ரோமின் போர்ட்டா மாஜோரே வாயிலில் மூன்று பேரரசர்களின் கல்வெட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. மேலே கிளாடியஸின் பெருமிதம், கீழே இரண்டு பழுதுபார்ப்பு ரசீதுகள்.

இன்னும் மோசமான கதை இன்றைய துருக்கியிலிருக்கும் நிக்கோமீடியா. அங்கே ஆளுநராக இருந்த இளைய பிளினி, டிராஜனுக்கு எழுதுகிறார்: இந்த ஊரார் ஒரு நீர்வழிக்கு 33,18,000 செஸ்டர்ஸ் செலவழித்துப் பாதியில் விட்டு இடித்தும்விட்டார்கள், அடுத்ததற்கு 2,00,000 செலவழித்து அதையும் விட்டுவிட்டார்கள். டிராஜனின் பதில் சுருக்கம்: தண்ணீர் கொண்டுவர ஏற்பாடு செய்யும், ஆனால் இவ்வளவு பணம் யார் தவறால் போனது, தொடங்குவதும் நிறுத்துவதுமாக யாருக்கு யார் உதவினார்கள் என்பதையும் விசாரியும்.

ஈயக்குழாய்த் தண்ணீர் குடித்தே ரோம் அழிந்தது என்கிறார்களே?

கவர்ச்சியான கதை, ஆதாரம் போதாது. ஈயம் கெடுதல் என்பது விட்ருவியஸுக்கே தெரியும். ஈய வேலைக்காரர்களின் வெளிறிய தோலைக் காட்டி, மண்குழாயே உடம்புக்கு நல்லது என்கிறார். ஆனால் ரோமில் பெரும்பாலும் குழாய் மூடாமல் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்ததால் அது ஈயத்தோடு தங்கி நிற்கும் நேரம் குறைவு. மேலே சொன்ன சுண்ணாம்புப் படிவு குழாயின் உள்ளே பூச்சாகவும் அமைந்தது. 2014இல் வெளியான ஓர் ஆய்வு, ரோமின் துறைமுக வண்டலைச் சோதித்து, குழாய் நீரில் ஈயம் ஊற்று நீரைவிட 100 மடங்கு வரை இருந்திருக்கலாம், ஆனாலும் அது பெரிய அளவில் கெடுதல் செய்திருக்காது என்றது. திராட்சைச் சாற்றை ஈயப் பாத்திரத்தில் சுண்டக் காய்ச்சி உண்டார்களே, அதைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும்.

கடைசியில் எப்படி நின்றுபோனது?

கி.பி. 537இல் ஜெர்மானிய இனமான கோத்துகளின் மன்னன் விட்டிஜெஸ் ரோமை முற்றுகையிட்டு நீர்வழிகளை வெட்டிவிட்டான். உள்ளே இருந்த கிழக்கு ரோமானியப் பேரரசின் தளபதி பெலிசாரியஸ், வறண்ட கால்வாய்களின் வாயைக் கல்வைத்துக் கட்டி அடைத்தார். அவருக்கு அந்த அபாயம் நன்றாகத் தெரியும். முந்தைய ஆண்டு நேப்பிள்ஸை அவர் பிடித்ததே, சுமார் 400 வீரர்களை வறண்ட நீர்வழி வழியாக உள்ளே அனுப்பித்தான். அதே தந்திரத்தை கோத்துகளும் முயன்றார்கள். தீப்பந்தத்தோடு கால்வாய்க்குள் போனார்கள், வெளிச்சம் ஒரு விரிசல் வழியே தெரிந்தது. பார்த்த காவலாளி சொன்னதும், அது ஓநாயின் கண்ணாக இருக்கும் என்றார்கள் கூட்டாளிகள். மறுநாள் பெலிசாரியஸ் ஆளனுப்பிப் பார்க்க, பந்தத்திலிருந்து சொட்டியது உள்ளே கிடந்தது.

நீர்வழி ஓட்டிய மாவு ஆலைகள் நின்றுபோனதால், டைபரில் இரண்டிரண்டு படகுகளை நங்கூரமிட்டு நடுவே சக்கரம் வைத்து அரைத்தார்கள். பின்னர் சில நீர்வழிகளைச் சரிசெய்தாலும், ஆட்களும் பணமும் இல்லாத நகரத்தால் அவற்றைத் தொடர்ந்து காப்பாற்ற முடியவில்லை. மக்கள் ஆற்றோரத் தாழ்நிலத்துக்கு இறங்கிவந்து குடியேறினார்கள்.

இன்று ஓடுவது ஏதாவது உண்டா? எங்கே பார்க்கலாம்?

கி.மு. 19இல் அக்ரிப்பா கட்டிய விர்கோ நீர்வழி பெரும்பாலும் பூமிக்குள் இருந்ததால் முற்றிலும் சாகவில்லை. 1453இல் போப் ஐந்தாம் நிக்கோலஸ் அதைப் புதுப்பித்தார், 1762இல் முடிந்த ட்ரெவி நீரூற்றுக்கு அதே ஊற்றுப் பகுதியின் தண்ணீர்தான் வருகிறது. ஸ்பெயினின் செகோவியாவில் சாந்தே இல்லாமல் நிற்கும் கருங்கல் வளைவுகள் 20ஆம் நூற்றாண்டு வரை ஊருக்குத் தண்ணீர் சுமந்தன.

ரோமுக்குப் போகிறவர்கள் மெட்ரோ ஏ பாதையில் ஜூலியோ அக்ரிகோலா நிலையத்தில் இறங்கி நடந்தால் நீர்வழிப் பூங்கா. கிளாடியாவின் வளைவுகள் வயல்வெளியில் வரிசையாக நிற்கும். நேரம் குறைவாக இருந்தால் ட்ரெவி பக்கம், ட்ரித்தோனே தெருவில் இருக்கும் ரினாஷென்தே பல்பொருள் அங்காடியின் கீழ்த்தளத்துக்கு இறங்குங்கள். அடித்தளம் தோண்டியபோது வெளிப்பட்ட விர்கோவின் வளைவுகளைக் கடைக்குள்ளேயே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.